காகிதத்தில் கட்டிய நீர்மூழ்கிகள்

தட்டையான தாளை வெட்டி, மடித்து, உருட்டி, ஒட்டி, ஒரு பொருளின் வடிவத்தை அளவு குறைத்துச் செய்வது காகித மாதிரிக் கலை. ஐரோப்பாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கோட்டை, தேவாலயம், ரயில் எஞ்சின், போர்க்கப்பல் என எல்லாமே தாளில் எழுந்திருக்கின்றன. அவற்றுள் நீர்மூழ்கிக் கப்பல் தனி ரகம். கோபுரமும் பீரங்கியும் மண்டிய போர்க்கப்பலோடு ஒப்பிட்டால் பார்வைக்கு எளியது: சுருட்டு போன்ற ஓர் உடல், நடுவில் ஒரு சிறு கோபுரம், அவ்வளவுதான். கத்தரியை எடுத்தவருக்குத்தான் தெரியும், தொல்லை முழுவதும் அந்தச் சுருட்டில் இருக்கிறது என்று.

தாள் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். கடலை மடிக்கும் பொட்டலத்தைச் சுருக்கம் விழாமல் சுற்றிவிடலாம், குழாயும் அப்படியே. அதே தாளைக் கமலாப்பழத்தின் மேல் போர்த்தினால் சுருங்கும், இழுத்தால் கிழியும். சாமிக்கு வெள்ளிக் கவசம் செய்கிற ஆசாரி தகட்டைத் தட்டித் தட்டியே தோளின் வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். வெள்ளி நீளும், தாள் நீளாது. நீர்மூழ்கியின் நடுப்பகுதி ஏறக்குறைய ஒரு குழாய்தான். அணியத்திலும் அமரத்திலும், அதாவது முன்முனையிலும் பின்முனையிலும், உடல் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒருசேர வளைகிறது. மற்றக் கப்பல் என்றால் நீர்க்கோட்டோடு வெட்டிவிட்டு, கடலில் மிதப்பதாகக் காட்டித் தப்பிக்கலாம். நீர்மூழ்கிக்கு நீருக்கடியில் இருப்பதுதான் உடம்பே.

இந்தக் கட்டுப்பாட்டை அறிஞர்கள் வெகுமுன்பே கவனித்துவிட்டார்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் வெளியிட்ட அளவை நூலில், பன்முகத் திண்மங்களை விரித்துத் தட்டையாக வரைந்து காட்டினார். அந்த விரிப்பை வெட்டி மடித்தால் உருவம் எழுந்து நிற்கும். எந்தெந்தப் பரப்புகளைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையாக விரிக்க முடியும் என்ற கேள்வியைக் கணிதவியலர் லியோனார்டு ஆய்லர் 1772-இல் வெளியான கட்டுரையில் கணிதமாக ஆராய்ந்தார். கணிதவியலர் கௌஸ் 1827-இல் தந்த தேற்றம் கதவையே சாத்திவிட்டது: கோளத்தின் மேற்பரப்பில் எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும், இழுக்காமல் அதைத் தட்டையாக்க வழியில்லை. உலகப் படம் வரைபவர்களின் தலைவலியும் இதுதான். காகித நீர்மூழ்கி செய்பவரின் வேலை முழுவதும் இந்தத் தேற்றத்தோடு செய்துகொள்ளும் சமரசம் என்று சொல்லலாம்.

கணிதத்தால் மட்டும் ஒரு கைவேலை பரவிவிடாது. மலிவான அச்சு வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு அதற்கு வழிசெய்தது. பிரான்சின் எபினால் நகரில் ஜான் சார்ல் பெல்லெரன் 1796-இல் தொடங்கிய அச்சகமும், ஜெர்மனியின் எஸ்லிங்கனில் 1831-இல் தோன்றிய ஷ்ரைபர் பதிப்பகமும் 19-ஆம் நூற்றாண்டில் வண்ண வெட்டுத்தாள்களை ஏராளமாக அச்சிட்டன. வீடுகள், கோட்டைகள், பொம்மை நாடக மேடைகள் என நேர்ச்சுவர் உள்ள பொருள்களே அவற்றில் மிகுதி. டியூரர் காட்டிய வழி அதற்குப் போதுமானதாக இருந்தது.

கப்பல்கள் பெருமளவில் வந்தது அடுத்த நூற்றாண்டில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் ஜெஃப்ரி ஹைவே ‘மைக்ரோமாடல்ஸ்’ என்ற பெயரில் அஞ்சலட்டை அளவிலான அட்டைகளில் மாதிரிகளை வெளியிட்டார். முடித்த மாதிரி உள்ளங்கையில் அடங்கும். போருக்குப் பின் ஜெர்மனியின் கடற்படை நகரமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனின் பெயரிலேயே கப்பல் வெட்டுத்தாள் வரிசை ஒன்று வெளிவந்தது. அது கையாண்ட 1:250 அளவு ஜெர்மன் காகிதக் கப்பல்களுக்குப் பொது அளவாகவே நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் அப்போது பிளாஸ்டிக் யுகம் தொடங்கியிருந்தது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கிற்கு எந்த வளைவும் பொருட்டில்லை. ரெவெல் நிறுவனம் விற்ற அணுசக்தி நீர்மூழ்கி மாதிரி உள்ளறைகள் வரை அத்தனை துல்லியமாக இருந்ததால், 1961-இல் கடற்படை வைஸ் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் நாடாளுமன்றக் குழுவிடமே குறைபட்டுக்கொண்டார். கோடிக்கணக்கில் செலவிட்டுக் காத்த ரகசியத்தை 3 டாலருக்கும் குறைவான பொம்மை கொடுத்துவிடுகிறதே என்பது அவர் கவலை. பிளாஸ்டிக் எளிதில் கிடைத்த நாடுகளில் காகித மாதிரி ஒதுங்கிப்போனது.

பிளாஸ்டிக் கிடைக்காத இடத்தில் காகிதம் தழைத்தது. போலந்தில் 1957-இல் ‘மாவி மோடெலாஷ்’, அதாவது ‘சின்ன மாதிரிக் கலைஞன்’, என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. வாங்கியவருக்கு இதழும் அதுவே, மாதிரியும் அதுவே: பக்கங்களை வெட்டினால் விமானமோ டாங்கியோ கப்பலோ வந்துவிடும். விமானத்துக்கு 1:33, டாங்கிக்கு 1:25, போர்க்கப்பலுக்கு 1:300 அல்லது 1:200 என்ற அளவுகள் அங்கே வழக்காயின. உடுக்குறியிட்ட துண்டுகளை முதலில் தடித்த அட்டையில் ஒட்டி, பிறகு வெட்ட வேண்டும் என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரிந்த இலக்கணம். சிறுவர் பொழுதுபோக்காகத் தொடங்கியதை, வளர்ந்த பின்னும் விடாதவர்கள்தான் நுண்கலையாக ஆக்கினார்கள்.

அங்கே பலமுறை வெட்டுத்தாளாக வெளிவந்த நீர்மூழ்கி, போலந்துக் கடற்படையின் ‘ஓஜெவ்’ (கழுகு). மக்கள் நன்கொடையும் சேர்ந்து நெதர்லாந்தின் விலிசிங்கன் தளத்தில் கட்டப்பட்டு, 1938 ஜனவரியில் நீரில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலின் நீளம் 84 மீட்டர். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தபோது, நோயுற்ற தலைவரை இறக்கிவிட எஸ்டோனியாவின் டாலின் துறைமுகத்துக்குப் போனது. அங்கே சிறைப்பட்டது. கடல்வரைபடங்களைப் பறித்துக்கொண்டார்கள்; டார்பிடோக்களில் பெரும்பகுதியை இறக்கினார்கள். செப்டம்பர் 18 அதிகாலையில் யான் குருட்ஜின்ஸ்கி தலைமையில் மாலுமிகள் கப்பலோடு தப்பினார்கள். கையிலிருந்த கலங்கரை விளக்கப் பட்டியலைக் கொண்டு பால்டிக் கடலின் படத்தைத் தாங்களே வரைந்துகொண்டு, அக்டோபர் 14-ஆம் தேதி ஸ்காட்லாந்துக் கரையை அடைந்தார்கள். தாளில் வரைந்த படத்தால் தப்பிய இந்தக் கப்பல் தாளிலேயே திரும்பத் திரும்பப் பிறப்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

1:200 அளவில் ஓஜெவ் 42 சென்டிமீட்டர்; அலமாரியில் நிற்கும். 1:50 என்றால் 168 சென்டிமீட்டர், ஓர் ஆள் உயரம். நீளம் நான்கு மடங்கானால் ஒட்ட வேண்டிய பரப்பு பதினாறு மடங்காகும். தாளின் தடிப்போ அப்படியே இருக்கும். அதனால் சிறிய மாதிரியில் தானே விறைத்து நின்ற தாள், பெரியதில் துவண்டு, விலாவுக்கு விலா பள்ளம் விழுந்து, பசித்த மாட்டின் வயிறு போலத் தெரியும். சிறிய மாதிரியில் கண்ணுக்குத் தப்பிய விளிம்புகளும் இங்கே உறுத்தும். வேடிக்கையான ஒரு பொருத்தமும் உண்டு. ஜெர்மனியின் ஏழு-சி வகை நீர்மூழ்கியில் அழுத்தம் தாங்கும் உடலின் எஃகுத் தகடு 18.5 மில்லிமீட்டர் தடிப்பு. கால் மில்லிமீட்டரிலும் குறைந்த, 0.2 மில்லிமீட்டர் தாளை 1:100 மாதிரியில் போர்த்தினால் அது 20 மில்லிமீட்டருக்குச் சமம். கப்பல் கட்டும் தளத்துத் தகட்டுக்கும் மேசைமேல் உள்ள தாளுக்கும் விகிதம் அங்கே ஏறத்தாழ ஒத்துவிடுகிறது.

பெரிய மாதிரியின் வேலை எலும்புக்கூட்டில் தொடங்கும். நீளவாட்டில் ஒரு நடுப்பலகை, அதில் குறுக்கே செருகும் விலாக்கள். மரக்கலம் கட்டுவோர் இவற்றை வங்கு என்பார்கள். எல்லாம் 1 மில்லிமீட்டர் அட்டை; மிகப் பெரியதற்கு இரண்டு மூன்று அட்டைகளை ஒன்றாக ஒட்டி வெட்டுவார்கள். நடுப்பலகை ஒரு மில்லிமீட்டர் முறுகினாலும் கடைசியில் முழுக் கப்பலும் முறுகியிருக்கும் என்பதால், தட்டையான பலகையில் பாரம் வைத்துக் காயவிடுவது வழக்கம். அட்டை காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஒருபுறம் மட்டும் பசை தடவினால் வளைந்துகொள்ளும். தாளுக்கும் நார்த்திசை உண்டு. நாரின் போக்குக்கு இணையான அச்சில் உருட்டினால் வழவழப்பாக வளையும், எதிராக உருட்டினால் உடைந்து கோடு விழும்.

பிறகு தோல். உடலைப் பல வளையங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் வாயும் அடியும் வெட்டிய கடலைப் பொட்டலமாக எண்ணிச் சுற்றுவது ஒரு முறை. வளையம் குறுகக் குறுக வளைவு மெய்போல் தெரியும், மூட்டும் அதற்கேற்பப் பெருகும். முனைகளில் இதுவும் பலிக்காது. அங்கே தாளைத் தாமரை இதழ்கள்போல வெட்டி, நுனிகளைக் கூட்டி ஒட்டுகிறார்கள். வெட்டிய இடமெல்லாம் வெள்ளை விளிம்பு தெரியும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்டியாக வேண்டும். மூட்டில் மக்கு பூசி உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. அப்புறம் அதைக் காகிதம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று பழைய கட்சிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பக்கங்களில் வரிசையாக இருக்கும் வெள்ளத்துளைகள் வேறு. மூழ்கும்போது வெளிக்கூட்டுக்குள் நீர் புகவும் எழும்போது வடியவும் விடும் இவற்றை, சிறிய மாதிரியில் கறுப்பு மையால் அச்சிட்டுவிட்டால் போதும். பெரியதில் ஒவ்வொன்றையும் கத்தி முனையால் வெட்டித் திறந்து, உள்ளே கறுப்புத் தாள் வைத்தால்தான் கண் ஏற்கும். மொத்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது இதுதான்.

இப்போது விரிப்பைக் கணினி போட்டுத் தருகிறது. ஜப்பானின் ‘பெப்பகுரா’ போன்ற மென்பொருள், முப்பரிமாண வடிவத்தைக் கொடுத்தால் வெட்டவேண்டிய துண்டுகளாகப் பிரித்துவிடும். முன்பு அளவுகோலும் கவராயமும் வைத்து வாரக்கணக்கில் வரைந்த வேலை அது. ஆனாலும் கௌஸின் தேற்றத்தை எந்த மென்பொருளும் மீறவில்லை. எந்த இடத்தில் தாளை அறுப்பது என்பதை இன்றும் வடிவமைப்பவர்தான் முடிவு செய்கிறார்.

ஓஜெவ் 1940 மே 23 அன்று ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது, திரும்பவில்லை. வட கடலில் பல தேடல்கள் நடந்தும் அதன் சிதைவு கிடைக்கவில்லை. அதே வரைபடத்தில் கட்டிய உடன்பிறப்பான ‘செம்ப்’ போரில் பிழைத்தாலும், 1970-களில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அந்த உடலின் வளைவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டுமானால் மாதிரிகளைத்தான் நாட வேண்டும்.