பழைய படமும் கறுத்த முகமும்

பழம்படங்களின் தோற்றத்தை இன்றைய பிலிமிற் கொண்டுவரும் ஆர்வம் இளைஞரிடையே பரவி வருகின்றது. கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கமராவிற் பூட்டி, வில்லையின் முன் கடுநீலக் கண்ணாடி ஒன்றை மாட்டி, ஐந்தாறு மடங்கு கூடுதலான ஒளி கொடுத்துப் படம் பிடிக்கின்றனர். அச்சிட்டபின் செபியா நிறம் ஏற்றுகின்றனர். செந்நிறத்தை உணராத பிலிமை இல்போர்ட் நிறுவனம் 2019இல் 35 மில்லிமீற்றர்ச் சுருளாகவும் வெளியிட்டதனால் வேலை இன்னும் எளிதாயிற்று. வானம் வெளுக்கும், முகம் கறுக்கும், நேற்றெடுத்த படத்துக்கு நூற்றைம்பது வயது வந்துவிடும். இதனைக் கலை விளையாட்டென்று கொண்டாற் குற்றமில்லை. ஆயின், அத்தோற்றம் எவ்வாறு பிறந்தது, அதில் யாருடைய முகம் எப்படிப் பதிந்தது என்று கேளாமல் நகல் செய்வது, வரலாறு கற்பிக்கும் நமக்குத் தகாது.

1851இல் ஆங்கிலேயரான ஆர்ச்சர் ஈரத்தட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தட்டிற் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். அத்தட்டுக்குத் தெரிந்த நிறம் நீலமும் ஊதாவுமே. மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருள். ஆகவே நீலவானம் வெறும் வெள்ளையாயிற்று. குங்குமப் பொட்டுக் கரும்புள்ளியாயிற்று. மாநிறத் தோல் உள்ளதினும் பன்மடங்கு கறுத்தது. 1873இல் ஜெர்மானியரான வோகல் சாயம் சேர்த்து இக்குறையைத் தணிக்கும் வழி கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தட்டு 1906இல் இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்தது.

இடைப்பட்ட அரை நூற்றாண்டுதான் குடியேற்ற ஆட்சி நம்மைப் படம் பிடித்து வகைப்படுத்திய காலமுமாகும். 1857–58இல் மதுரையையும் தஞ்சையையும் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப், வெறுமையாகிவிட்ட வானத்தைத் தமது காகித நெகட்டிவிலே தூரிகைகொண்டு திருத்தினார். கருவியின் குறை, அதனைக் கையாண்டோர்க்குத் தெரியாததன்று. ஆயினும், 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ முதலிய நூல்களில், தட்டுக் கறுப்பித்த முகங்களே சாதிகளுக்கும் குலங்களுக்கும் சான்றாக வைக்கப்பட்டன. இலங்கையிலும் ஸ்கோவன், ஸ்கீன் முதலிய படநிலையங்கள் ‘தமிழ்ப் பெண்’ என்பதுபோன்ற பொதுத் தலைப்பிட்டுப் பயணிகளுக்குப் படங்களை விற்றன.

ஜூலியா மார்கரெட் கமறன் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக்–கமறன் ஆணைக்குழுவில் இருந்தவரும் இத்தீவிற் கோப்பித் தோட்டங்கள் வாங்கியவருமான சார்ள்ஸ் ஹே கமறனின் மனைவி அவர். 1875இல் இங்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவருடைய கலைத்திறன் மறுக்க முடியாதது. அப்படங்களில் உழைக்கும் மக்கள் நிமிர்ந்து நிற்கின்றனர். ஆனால் 1878இற் களுத்துறையில் எடுத்த ஒரு படத்தைப் பாருங்கள். சிறுமிக்கு வயது பன்னிரண்டென்றும், கிழவர் தம்மை அவளுடைய தந்தையென்றும் நூறு வயதினரென்றும் கூறுகிறாரென்றும் குறிப்பு உண்டு. பெயர் இல்லை. 1877இல் அதே ஊரில் அவர் முன் அமர்ந்த ஓவியர் மேரியன் நோர்த்தின் பெயர் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் ஆகியோரை உலகே அறியும்.

இன்று செபியா என்று போற்றப்படும் மஞ்சளும் அக்காலத்தவர் விரும்பியதன்று. முட்டை வெண்கரு பூசிய தாளிற் பொன்னுப்பு ஏற்றிய படம் ஊதா கலந்த பழுப்பாக இருந்தது; மஞ்சள், நாட்பட்ட தாளின் நோய். நோயையும் சேர்த்து நகல் செய்கிறோம்!

எங்கள் புங்குடுதீவுக்கு இதில் தனியான அக்கறை உண்டு. 1991 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சுவர்களிலிருந்த படங்களும் போயின. பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், வெறுஞ்சுவரை நிரப்புவதற்காக, எஞ்சியிருக்கும் அப்பு ஆச்சியரைப் ‘பழைய’ முறையில் எடுக்க விரும்புகின்றனர். ஏக்கம் நியாயமானது; ஆனால் தொலைந்தவை அந்தத் தோற்றமுடையவையல்ல. அவை பெரும்பாலும் 1950களிலும் 60களிலும் ஸ்டூடியோக்களில் எடுத்தவை. முகத்தைக் கறுப்பிக்காத பிலிமில் எடுத்தவை. அங்கு நடந்தது நேர்மாறானது. கூரிய பென்சிலால் நெகட்டிவை நிரவி மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பித்தார்கள். வெள்ளைத்தோலே மேன்மை என்ற எண்ணம் நம்மவர் கலியாணச் சந்தையிற் செய்த வேலை அது. அதற்கு எந்தத் துரையையும் நோகமுடியாது.

தமிழர் ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு தேடி எண்முறையிற் பதிந்துள்ளது. நாம் அவ்வளவு செய்யாவிடினும், மாணவரைக்கொண்டு ஒரே முதியவரை ஒரே ஒளியில் இருமுறை எடுப்பிக்கலாம்: நீலக் கண்ணாடியுடன் ஒன்று, அது இன்றி ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்தால் மேலே சொன்ன வரலாறு கண்முன் நிற்கும். படத்தின் பின்புறத்திற் பெயர், வட்டாரம், தொழில், ஆண்டு, நீலக் கண்ணாடி இட்டதா இல்லையா என்பவற்றைக் கட்டாயம் எழுதுவிக்க வேண்டும். மென்மையான பென்சிலால் எழுதுவதே நல்லது. மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.