நடக்கவிட்ட வைத்தியம்

கிளிநொச்சி நகரின் மேற்குப் புறத்தில், அக்கராயன்குளத்தை அண்டிய வயல்வெளிகளிடையே அமைந்த ஊர் ஸ்கந்தபுரம். காலபோகம் தொடங்கியதும் அவ்வூர் மக்கள் விடியற்காலையில் வரம்பில் ஏறுகின்றனர், சேற்றில் இறங்குகின்றனர், வாய்க்காலில் நீர் திருப்புகின்றனர், மாலையில் மாடுகளைத் தேடிக் காட்டோரம் நடக்கின்றனர். உழவு இயந்திரம் வந்த பின்னரும் இந்த நடை ஒழிந்துவிடவில்லை. சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கால் ஆணி, முள் தைத்த காயம், சுளுக்கிய கணுக்கால் என்பன இம்மக்களுக்கு நன்கு பழகியவை. எலிக்காய்ச்சற் கிருமி வெடித்த தோலின் வழியாக உடலிற் புகுவதும் இத்தகைய வயல் நீரிலேதான்.

இத்தகையோருக்கு வைத்தியர் கூறும் முதற் புத்திமதி, காலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்பதாகும். அது சரியான புத்திமதியே. ஆயினும், பயிர் நீருக்குக் காத்திருக்கையில் ஒரு மாதம் பாயிற் கிடப்பவன் காலைக் காப்பாற்றிக்கொண்டு விளைச்சலை இழக்கிறான். வயலுக்குச் செல்பவனோ விளைச்சலைக் காப்பாற்றிக்கொண்டு காலை இழக்கக்கூடும். இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் இக்கட்டிலிருந்து உழைப்பாளியை விடுவிக்க முயன்றதே கடந்த நூற்றாண்டில் பாத வைத்தியம் கண்ட பெரும் மாற்றம். அம்மாற்றத்தின் முக்கியமான கட்டங்கள் சில இலங்கையிலும் தமிழகத்திலுமே நிகழ்ந்தன என்பது பலரும் அறியாத செய்தி.

அதன் தொடக்கத்தைத் தொழுநோயாளரின் வரலாற்றிலே காணலாம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1708ஆம் ஆண்டிலே, கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை நிறுவப்பட்டது. பிற்காலத்தில் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் அத்தகைய வைத்தியசாலையொன்று அமைந்தது. இவ்விடங்களில் வைத்தியருக்குப் பெருந்தொல்லை தந்தது நோயாளரின் உள்ளங்காற் புண். நோயாளி படுக்கையிற் கிடந்தால் அப்புண் ஆறியது. எழுந்து நடந்தால் மீண்டும் திறந்தது. நோயே சதையை அழுகச் செய்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது.

இந்நிலையில், 1930களில், இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணரான டாக்டர் மில்றோய் பால் புதிய முறையொன்றைக் கையாண்டார். இவர் 1936இல் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் சத்திரசிகிச்சைத் துறையின் முதற் பேராசிரியரானவர். எலும்பு முறிவுக்கு இடும் பாரிசுச் சாந்துக் கட்டை அவர் உள்ளங்காற் புண்ணுள்ள தொழுநோயாளரின் கால்களுக்கு இட்டு, அவர்களை நடமாட விட்டார். இந்தியாவில் ஜோசப் கான் என்னும் வைத்தியரும் இத்தகைய சிகிச்சையைப் பற்றி 1939இல் எழுதினார்.

புண்ணை மூடிக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். ஆனால் அதன் தத்துவம் எளிது. மனிதன் நடக்கும்போது அவனுடைய உடற்பாரம் உள்ளங்கால் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. குதியிலும், விரல்களின் அடியிலுள்ள மேட்டிலும் குவிகிறது. காலோடு ஒட்டி அமையும் சாந்துக் கட்டு அப்பாரத்தைப் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பகிர்ந்தளிக்கிறது. புண் இருக்கும் சிறு இடத்துக்கு மட்டும் ஓய்வு கிடைக்கிறது, மனிதனோ நடக்கிறான். எனினும் இக்கட்டு மிகுந்த கவனத்தோடு இடப்படவேண்டியது. ஓரிடத்தில் இறுகிவிட்டால் அதுவே புதிய புண்ணை உண்டாக்கும்.

இம்முறையை உலகறியச் செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். சமயத் தொண்டராக வந்த ஆங்கிலத் தம்பதியரின் மகனாக 1914இல் பிறந்த அவர், இங்கிலாந்தில் வைத்தியம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்வையிட்டபோது, விரலிழந்த கைகளும் உருக்குலைந்த பாதங்களும் அவருடைய சிந்தனையைக் கிளறின. பல ஆண்டு ஆராய்ச்சியின் பின்னர் அவர் கண்ட முடிவு வைத்திய உலகத்தின் பழைய நம்பிக்கையை மாற்றியது. தொழுநோய் சதையை அழுகச் செய்வதில்லை. நரம்பைத் தாக்கி வலியை உணரும் ஆற்றலைப் பறிக்கிறது. வலியை அறியாத மனிதன் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறான் என்பதே அம்முடிவு.

நெடுந்தூரம் நடக்கும் ஒருவர் தம்மை அறியாமலே பாரத்தை ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றுகிறார், சற்றே நொண்டுகிறார், சிறு கல் உறுத்தினால் நின்று செருப்பை உதறுகிறார். இவையெல்லாம் வலி இடும் கட்டளைகள். அக்கட்டளை நின்றுபோனவர் ஒரே இடத்தை ஆயிரக்கணக்கான முறை அழுத்தி அழுத்தி நடக்கிறார். உள்ளே திசு நைந்து, பின்னர் தோல் பிளக்கிறது. வேலூரில் நோயாளர் சிலரின் விரல்கள் இரவோடிரவாகக் குறைந்துபோன காரணத்தைத் தேடியபோது, உறங்குவோரின் விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதன்பின், வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

புண் ஆறிய காலை அதன் பின்னரும் காப்பது எவ்வாறு என்ற வினா அடுத்து எழுந்தது. விலையுயர்ந்த சப்பாத்து இந்தியக் கிராமத்தவருக்கு எட்டாதது. வெப்பத்துக்கும் சேற்றுக்கும் ஒவ்வாதது. எனவே பிராண்ட் பாதணி செய்வோரை நாடினார். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான இறப்பரை உட்புறத்திலும், பழைய மோட்டார் வண்டிச் சக்கரத்தின் தடித்த இறப்பரை அடிப்புறத்திலும் வைத்த செருப்புகள் உருவாகின. உணர்ச்சியற்ற காலை ஆணி குத்தினாலும் தெரியாதாகையால், அவற்றில் ஆணி அடிப்பது தவிர்க்கப்பட்டது. காட்பாடிக்கு அண்மையில், கரிகிரியில், 1955இல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையிற் புகழ்பெற்றது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அந்நாட்டில் தொழுநோயாளர் மிகச் சிலர்; நீரிழிவினால் காலுணர்ச்சி இழந்தோரோ எண்ணற்றோர். தென்னிந்தியாவில் ஏழை நோயாளரிடம் கற்ற பாடம் அவர்களுக்கும் பொருந்தியது. கொழும்பிலும் வேலூரிலும் கையாளப்பட்ட சாந்துக் கட்டு, நீரிழிவுக் காற்புண்ணுக்கு உலகெங்கும் மதிக்கப்படும் சிகிச்சையாக வளர்ந்தது. காலின் உணர்ச்சியைச் சோதிக்க இன்று வைத்தியர் பயன்படுத்தும் பத்துக் கிராம் நைலோன் இழையின் அளவும் கார்வில் ஆராய்ச்சியாளர் தெரிந்தெடுத்ததே. இழை வளையுமட்டும் அதனை உள்ளங்காலில் மெல்ல அழுத்துவார்கள். அத்தொடுகையை அறியாத கால், ஆபத்தில் இருக்கும் கால்.

புண்பட்ட காலின் வரலாறு இது. முற்றாக இழந்துவிட்ட காலுக்கும் இத்தகையதொரு வரலாறு உண்டு. மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் வைத்து நடப்பதற்கென அமைந்தது. அதனை அணிந்தவர் தரையிற் சம்மணமிட முடியாது, குந்தியிருக்க முடியாது, வெறுங்காலோடு கோயிலுக்குள் செல்ல முடியாது, சேற்றில் இறங்கவும் முடியாது. தரையில் இருந்து உண்டு, வயலில் நின்று உழைக்கும் ஒருவர் அதனைச் சில நாள் அணிந்துவிட்டு மூலையில் வைத்துவிட்டு, ஊன்றுகோலையே மீண்டும் எடுத்தார்.

இக்குறையை நீக்கிய பாதம் 1968இல் ராஜஸ்தானத்தின் தலைநகராகிய ஜெய்ப்பூரில், சவாய் மான்சிங் வைத்தியசாலையில் உருவாகியது. அதனை ஆக்கியோர் இருவர். ஒருவர் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் பிரமோத் கரண் சேத்தி. மற்றவர் ‘மாஸ்டர்ஜி’ என அழைக்கப்பட்ட கைவினைஞர் ராம்சந்திர சர்மா. பழைய சக்கரங்களுக்கு இறப்பரை உருக்கி ஒட்டும் பட்டறையின் நுட்பமே அதற்குக் கைகொடுத்தது. குதியிலும் முன்பாதத்திலும் மென்மையான இறப்பர், கணுக்காலில் மரக்கட்டை, இவற்றைச் சுற்றித் தோல் நிற இறப்பர் என அமைத்து, அச்சில் இட்டு வேகவைத்தனர். அப்பாதம் வளைந்தது, திரும்பியது, நனைந்தாலும் கெடாதிருந்தது, செருப்பின்றியும் நடக்கத் தக்கதாயிற்று. எனினும் முதல் ஏழாண்டுகளில் அதனைப் பெற்றோர் அறுபதின்மருக்கும் குறைவே. 1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய தொண்டு நிறுவனம் அதனை ஏழைகளிடம் இலவசமாகக் கொண்டுசென்ற பின்னரே அது ஆயிரங்களாகவும் இலட்சங்களாகவும் பெருகியது. சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. மாஸ்டர்ஜியின் பெயரோ நெடுங்காலம் பலருடைய காதில் விழவில்லை.

அதே 1981இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில் இளம் நர்த்தகி சுதா சந்திரன் காலிற் காயமுற்றார். காயம் அழுகிப் பரவியமையால் கால் துண்டிக்கப்பட்டது. ஜெய்ப்பூர்ப் பாதம் பொருத்திக்கொண்ட அவர் 1984இல் மீண்டும் மேடையேறிப் பரதம் ஆடினார். மூடிக் கட்டப்படும் காயத்தை எத்துணைக் கவனத்தோடு நோக்கவேண்டும் என்பதும், இழந்த காலோடு வாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதும் அவருடைய கதையால் பலருக்கும் விளங்கின.

இலங்கையில் ஜெய்ப்பூர்ப் பாதத்தின் தேவையைப் பெருக்கியது போர். கொழும்பில் 1831 முதல் இயங்கிவரும் நட்புறவுத் தொண்டுச் சங்கம் 1980களில் இப்பாதத்தைச் செய்யத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் தோன்றியது. வடபகுதியில் மிதிவெடியால் காலிழந்தோர் பலர் அதன் வாயிலாக எழுந்து நடந்தனர்.

மிதிவெடி பாதத்தை மட்டும் பறிப்பதன்று. மண்ணையும் கல்லையும் எலும்புத் துண்டுகளையும் அது மேல்நோக்கிச் சதைக்குள் செலுத்திவிடும். ஆதலால் வைத்தியர் முழங்காலுக்குக் கீழே, சிலவேளை அதற்கும் மேலே துண்டிக்க நேர்கிறது. ஒருமுறை பொருத்திய செயற்கைக் கால் வாழ்நாள் முழுவதற்கும் போதாது. வளர்ந்தவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வளரும் குழந்தை ஓராண்டுக்குள்ளேயும் அதனை மாற்றவேண்டும். எனவே காலிழந்தவருக்கு மருத்துவமனைக்கு அடுத்தபடி வேண்டியது, சென்று திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு பட்டறை.

வன்னி மக்களுக்கு அந்தத் தூரம் கிலோமீற்றரால் அளக்கக்கூடியதாக இருக்கவில்லை. 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமானபோது, அதன் மக்கள் மேற்கே அக்கராயன், ஸ்கந்தபுரம் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது. 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. வன்னிக்குள்ளேயே செயற்கைக் கால் செய்யும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் பொருள்கள் வந்துசேர்வது அரிதாயிருந்தது. வார் அறுந்தாலும், பாதம் பிளந்தாலும், இருப்பதைக் கட்டி ஒட்டிக்கொண்டு நடப்பதே அக்காலத்து வழி. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, காலிழந்து மீண்டோரின் தொகை மேலும் பெருகியிருந்தது. பின்னர் வெடி அகற்றும் பணி வயல் வயலாகத் தொடர்ந்தது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

ஜெய்ப்பூர்ப் பாதத்துக்கும் குறைகள் உண்டு. கையாற் செய்யப்படுவதால் ஒன்று போல் மற்றொன்று அமைவதில்லை. பாரமும் சற்று அதிகம். அதனினும் இலகுவான புதிய வகைகள் வந்துள்ளன. ஆயினும் சேற்றில் இறங்குவோருக்குச் சேற்றில் இறங்கும் பாதமே வேண்டும் என்ற அதன் அடிப்படை பழுதுபடவில்லை.

வெடியின் அச்சம் குறைந்துவரும் வன்னியில் இன்று காலுக்கு வேறொரு பகை வந்திருக்கிறது. அது நீரிழிவு. நரம்பு மரத்து, குருதியோட்டமும் குன்றும் காலில், முள் தைத்தாலும் சுடுமணல் பொசுக்கினாலும் தெரிவதில்லை. குருதியோட்டம் மிகக் குன்றிய காலுக்கும், ஆழமாகச் சீழ் பிடித்த காலுக்கும் சாந்துக் கட்டும் உதவாது. ஆதலின் வருமுன் காத்தலே வழி. ஒவ்வோர் இரவும் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்க்கவேண்டும். கண்பார்வை மங்கியவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். புறங்கையால் தொட்டு, ஓரிடம் மட்டும் சுடுகிறதா என அறியலாம். தோல் பிளக்குமுன் உள்ளே திசு நைவதை அச்சூடு உணர்த்தும் என்பது பிராண்ட் வற்புறுத்திய பாடம். கால் ஆணியைச் சவர அலகால் அறுத்தல் கூடாது. செருப்பை உதறிவிட்டே காலை நுழைக்கவேண்டும். நோகாத புண்ணை அற்பமென எண்ணாமல், நோகவில்லை என்பதற்காகவே விரைந்து வைத்தியரிடம் காட்டவேண்டும்.

முருகனின் பெயர் தாங்கிய இவ்வூர் அமைந்த வடபகுதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் இன்றும் உளர். செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, முல்லைத்தீவைக் கடந்து, கிழக்குக் கரையோரமாக நெடுந்தூரம் நடக்கும் அவர்களிற் பலர் செருப்பணியாதவர். அத்தகைய மக்களிடம் நடக்கவேண்டாம் என்று மட்டும் கூறும் வைத்தியம் நெடுநாள் நிலைக்காது. நோயாளியைத் தன் நிலத்திலே தன் தொழிலோடு நடக்கவிட்டுக் காக்கும் வைத்தியத்தையே மில்றோய் பாலும், பால் பிராண்டும், மாஸ்டர்ஜியும் தேடினர். அவர்கள் கண்ட முறைகளைக் கையாளத் தெரிந்த ஒருவரும், செருப்பும் காலும் திருத்தும் ஒரு பட்டறையும் நடந்து செல்லும் தூரத்திற் கிடைத்தால், வன்னியில் எத்தனையோ கால்கள் வெட்டுக்குத் தப்பும்.