ஓடின நாட்களை யார் எண்ணினது? தலைமன்னாரில் இருந்து காங்கேசன்துறை வரை

வடக்கின் போக்குவரத்து வரலாற்றை எழுதச் சொன்னால் எங்களில் பலபேர் திறப்பு விழாத் திகதிகளைத்தான் எழுதுவம். 1905இல் கோச்சி வந்தது, 1914இல் கப்பல் வந்தது, 2014இல் கோச்சி திரும்ப வந்தது, 2019இல் விமானம் வந்தது, 2023இல் கப்பல் திரும்ப வந்தது. பாடப்புத்தகமும் பத்திரிகையும் எங்களை அப்படித்தான் பழக்கியிருக்கு. இதில் எது எப்ப நின்றது, ஏன் நின்றது, நின்றதுக்கு யார் பதில் சொன்னது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது. நான் சொல்லவாறது இதுதான்: ஒரு போக்குவரத்துச் சேவை, அதைக் கேள்வி கேட்கக்கூடிய ஆட்கள் இருக்கிற வரைக்கும்தான் ஒழுங்காக ஓடும். பாக்கு நீரிணையின் நூறு வருசக் கதை இதைத்தான் காட்டுது.

போட் மெயிலில் இருந்து தொடங்குவம். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறக்கப்பட்டன. அதுக்குப் பிறகு சென்னை எழும்பூரில் கோச்சி ஏறின ஒருவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கித் திரும்பவும் கோச்சி ஏறி, கொழும்பு வரைக்கும் வரலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிங்ச் என்று இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்களின் பெயர்கள்தான் கப்பல்களுக்கு. இப்ப இதைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் ஒரு பொற்காலத்தைப் பற்றிச் சொல்லுறமாதிரித்தான் கதைக்கினம். ஆனால் யாருடைய பொற்காலம்?

மலையகத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்துபோன தொழிலாளர்கள் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியெங்கும் செத்தார்கள். தோட்டத்துரைமாருக்கு இந்தச் சாவுகள் நட்டக் கணக்கு. அவர்களுக்கு 1854இலிருந்தே ஒரு சங்கம் இருந்தது. சட்டநிரூபண சபையில் அவர்களின் பிரதிநிதிக்கு ஓர் ஆசனமும் இருந்தது. கப்பல் நின்றால் ஆள்வரத்து நிற்கும், ஆள் குறைஞ்சால் கொழுந்து முத்திப்போகும், அதைப் பற்றிச் சபையில் கேட்க அவர்களுக்கு ஒரு வாய் இருந்தது. காலனித்துவ அரசாங்கம் அந்த வாய்க்குப் பதில் சொல்லவேண்டி இருந்தது. அதே கப்பலில் வந்த தொழிலாளியோ, முதலில் மண்டபம் முகாமில் அடைபட்டு, மருத்துவப் பரிசோதனை முடிஞ்ச பிறகுதான் ஏறினார். அவரால் யாரையும் எதுவும் கேட்க ஏலாது.

1964இல் இரண்டு விசயங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒக்டோபரில் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம். டிசெம்பரில் தனுஷ்கோடியை அழிச்ச புயல். துறைமுகமே அழிஞ்ச பிறகும் கப்பல் சேவை முடிஞ்சு போகவில்லை, இராமேஸ்வரத்துக்கு மாறியது. 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டிருந்தன. அதை நிறைவேற்ற ஒரு கப்பல் வேணும். தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சியை மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சொன்னார்கள். அரசாங்கங்கள் தங்களுக்குள் கணக்குக் காட்டவேண்டி இருந்த வரைக்கும் அந்தப் பாதை இயங்கியது. 1980களில் யுத்தம் அதை நிறுத்தியது.

யாழ்ப்பாணத்துப் பக்கமும் இதே கதைதான். எயார் சிலோன் 1947 டிசெம்பரில் தன்ர முதல் பறப்பை நடத்தினபோது, இரத்மலானையில் இருந்து பலாலி வழியாகத்தான் சென்னைக்குப் போனது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே வருசம்தான். கொழும்புக் கந்தோர்களில் வேலை செய்த வடபகுதி உத்தியோகத்தர்கள் லீவுக்கு வீடு வர அந்தக் கோச்சியைத்தான் நம்பி இருந்தார்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, பாராளுமன்றத்தில் ஆள் இருந்தது, பத்திரிகை இருந்தது. 1990 ஜூனில் யாழ்தேவியின் வடக்கு ஓட்டம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குள் போயின. இந்தியக் கடனில் பாதையைத் திரும்பப் போட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வர 2014 ஒக்டோபர் ஆகிவிட்டது.

இனி எங்கட காலத்துக்கு வருவம். 2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக முப்பது நாள் இருக்கேக்க. நவம்பரில் சென்னைக்கான சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. அது எல்லா இடத்திலும் நின்றதுதான், அதில் கேள்வி இல்லை. கேள்வி அதுக்குப் பிறகு. 2021 ஜனவரியில் நாடு சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பலாலிக்குத் திரும்ப விமானம் வந்தது 2022 டிசெம்பர் 12இல். இரண்டு வருசமும் ஒன்பது மாதமும்!

இதே நேரம் மத்தளையைப் பாருங்கள். 2013இல் 200 மில்லியன் டொலருக்கு மேல் செலவழிச்சுக் கட்டின விமான நிலையம் அது. பயணிகள் இல்லாததுக்கே உலகப் புகழ் பெற்றது. 2020 டிசெம்பர் கடைசியில், நாடு முறையாகத் திறக்கப்படுறதுக்கும் முன்னமே, உக்ரேன் சுற்றுலாப் பயணிகளைப் பரீட்சார்த்தமாக அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். மத்தளையைப் பற்றிக் கொழும்பில் கேள்வி இருந்தது, கணக்காய்வு இருந்தது, கேலியும் இருந்தது. அந்தக் கேலிக்காகவாவது அங்கே ஏதாவது செய்து காட்டவேண்டி இருந்தது. பலாலி மூடிக் கிடந்ததைப் பற்றி அந்த அளவுக்குக் கேட்க ஆள் இல்லை.

காங்கேசன்துறைக் கப்பலை எடுப்பம். 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்தில் இருந்து செரியாபாணி என்ற கப்பல் வெளிக்கிட்டது. இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் காணொளியில் வாழ்த்தினார்கள். ஒரு கிழமை கழியுறதுக்குள்ள சேவை நின்றது. காரணம் வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபரில் வாடை தொடங்கும் என்று மயிலிட்டியில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்லுவார். வாடை தொடங்குற மாதத்தில் ஒரு கப்பலைத் தொடங்கிவைக்கத் தீர்மானிச்சது யார்? எந்த அமைச்சு? திரும்பக் கப்பல் வர 2024 ஓகஸ்ட் 16 ஆகிவிட்டது. அதுவும் அந்த வருசக் கடைசியில் நின்று, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வெளிக்கிட்டது.

‘பயணிகள் இல்லை, தனியார் கம்பனி நட்டத்தில் எப்படி ஓடும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த மாதம் ஓடுமோ தெரியாத கப்பலில் யார் கலியாணத்துக்கு நாள் பார்ப்பது? யார் ஆஸ்பத்திரிக்குத் திகதி எடுப்பது? யார் வியாபாரத்துக்குச் சாமான் பேசுவது? ஒழுங்கு இல்லாததால் ஆள் வராது, ஆள் வராததால் ஒழுங்கு இல்லை. இந்த வட்டத்தை உடைக்கிறது அரசாங்கத்தின் வேலை. நட்டம் என்றால் இந்த நாட்டில் கோச்சியே ஓடக்கூடாது.

சுற்றுலா ஊக்குவிப்புக்கும் இது பொருந்தும். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டப்படி அபிவிருத்திக்கு ஓர் அதிகாரசபை, ஊக்குவிப்புக்கு ஒரு பணியகம். பதிவுசெய்த ஹொட்டல்களின் வருமானத்தில் நூற்றுக்கு ஒரு வீதமும், விமான நிலையத்தில் அறவிடுற புறப்பாட்டு வரியில் மூன்றில் ஒன்றும் சுற்றுலா அபிவிருத்தி நிதியத்துக்குப் போகுது. இந்தக் காசில் வடக்குக்கு எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவழிஞ்சது என்று நாங்கள் எப்பவாவது கேட்டிருக்கிறமா? யுத்தம் முடிஞ்ச கையோடு வடக்கில் வந்த சுற்றுலா எப்படி இருந்தது என்று யோசிச்சுப் பாருங்கள். கிளிநொச்சியில் சரிஞ்சு விழுந்த தண்ணீர்த் தாங்கி ஒரு காட்சிப்பொருள். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்துற தல்செவன விடுதி. அந்தச் சுற்றாடலில் இருந்து 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களில் ஒரு பகுதியினருக்கு இன்னும் காணி திரும்பவில்லை.

கேட்கிறதுக்கு ஒரு சபை இருந்திருக்க வேணும். 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் சுற்றுலா என்பது மத்தியும் மாகாணமும் பகிர்ந்துகொள்கிற விசயம். வட மாகாண சபை 2013 செப்டெம்பரில்தான் முதல்முறை தெரிவுசெய்யப்பட்டது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிஞ்சது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரிச்சது, அதோட தேர்தல் தொங்கிப்போச்சு. பலாலி திறந்தது, மூடினது, கப்பல் வந்தது, போனது, எல்லாமே மாகாண சபை இல்லாத காலத்தில்தான் நடந்தது. திறந்து வைத்தவர்களும் நிறுத்தியவர்களும் வடக்கில் தெரிவான ஒரு சபைக்கு முன்னால் வந்து விளக்கம் சொல்லவேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை. அந்தச் சபை இருந்த காலத்திலும் எல்லாம் திறமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்க ஓர் இடமாவது இருந்தது.

துரைமாருக்குச் சபையில் ஆசனம் இருந்தது. எங்களிட்ட இப்ப இருக்கிறது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கைப் பிரசை யாரும் விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேணும். கேட்கவேண்டியதும் பெரிய விசயம் இல்லை. காங்கேசன்துறைக் கப்பலும் பலாலி விமானமும் ஒவ்வொரு வருசமும் எத்தனை நாள் ஓடின? ஒவ்வொரு முறையும் நிறுத்தின தீர்மானத்தை எடுத்தது எந்த அதிகாரி, எந்தக் காரணத்துக்காக? சுற்றுலா ஊக்குவிப்பு நிதியில் வட மாகாணத்துக்குப் போனது எவ்வளவு? துறைமுகம், சிவில் விமானப் போக்குவரத்து, சுற்றுலா என்று மூன்று இடத்துக்கு மூன்று கடிதம். வரலாறு, அரசறிவியல் படிக்கிற நாங்கள் ஒப்படைக்காக எழுதுறதில் பாதி உழைப்பு இதுக்குப் போதும். வருகிற பதில்களைத் தொகுத்து வெளியிட்டால், அடுத்த திறப்பு விழாவுக்கு வருகிற அமைச்சரிடம் கேட்கிறதுக்கு எங்களிட்ட ஓடின நாட்களின் கணக்கு இருக்கும்.