திசை மாறும் எழுத்தும் இரு சிறு குறிச்சொற்களும்

வலைப்பக்க எழுத்தை வடிவமைப்பது என்றதும் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, தலைப்பு ஆகியவற்றுக்கான குறிச்சொற்களே நினைவுக்கு வருகின்றன. பலர் அறியாத பிற குறிச்சொற்கள் சிலவற்றின் வரலாறு, எந்த எழுத்துமுறைக்கு வலையில் எப்போது இடம் கிடைத்தது என்பதன் வரலாறும் ஆகும்.

1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0, ஐஎஸ்ஓ 8859-1 என்னும் எழுத்துத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக அமைந்த அத்தொகுதியில் தமிழுக்கும் இடமில்லை. வலமிருந்து இடமாக எழுதப்படும் உருதுவுக்கும் இடமில்லை. 1997 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 2070 என்னும் ஆவணம் இக்குறையை நீக்க முற்பட்டது. உலக எழுத்துகள் அனைத்துக்குமான பொதுத் தொகுதியை அது அடிப்படையாக்கியது. எழுத்தோட்டத்தின் திசையைக் கட்டாயப்படுத்தும் ‘பிடிஓ’ குறிச்சொல்லையும் முன்வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 அதனை ஏற்றுக்கொண்டது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. யுனிகோடின் இருதிசை விதிப்படி, உருதுச் சொல்லைத் தொடர்ந்து வரும் எண்கள் அச்சொல்லின் ஓட்டத்துக்குள் இழுக்கப்படுகின்றன. தமிழ்க் கட்டுரையொன்றில் நூற்பெயரை உருது எழுத்தில் தந்து, அடுத்து ‘3, 45’ எனத் தொகுதியையும் பக்கத்தையும் குறித்தால், திரையில் எண்கள் இடம் மாறி, 45 முதலிலும் 3 அடுத்தும் நூற்பெயர் இறுதியிலும் தோன்றும். மூன்றாம் தொகுதியின் 45ஆம் பக்கம், 45ஆம் தொகுதியின் மூன்றாம் பக்கமாகிவிடுகிறது. எழுதியவர் தவறவில்லை, மேற்கோளைத் தேடிச் செல்பவரோ வழி தவறுகிறார்.

2014 அக்டோபரில் பரிந்துரையாக நிறைவுபெற்ற எச்டிஎம்எல் 5, இதற்கென ‘பிடிஐ’ குறிச்சொல்லைத் தந்தது. பிடிஓ திசையை ஆணையிடுகிறது, பிடிஐ ஆணையிடுவதில்லை. தனக்குள் அடங்கிய சொல்லைச் சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. நூற்பெயரை அதற்குள் இட்டால் எண்கள் தத்தம் இடத்தில் நிற்கும்.

இதனை அறியாதோர் எண்களைக் கையால் இடம் மாற்றி எழுதித் திரையைச் சரிசெய்வதுண்டு. அப்போது கண்ணுக்குத் தெரிவது சரியாகவும், கோப்பில் உள்ளது பிழையாகவும் அமைகிறது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுபவருக்கும், திரைவாசிப்பான் வழிக் கேட்டுப் பயிலும் பார்வையற்ற மாணவருக்கும் அப்பிழையே சென்று சேர்கிறது.

ஒரே பக்கத்தில் தமிழும் தேவநாகரியும் உருதுவும் அருகருகே நிற்கும் இந்திய ஆய்வுலகில் இக்குறிச்சொல் வெறும் அலங்காரமன்று. சான்றின் நம்பகத்தைக் காக்கும் கருவி.