வாத்தியார் மகன் வானில் நடத்திய பாடம்



முதல் உலகப் போர் விமானிகள் என்றதும் ஜெர்மானியர் ரிக்தோபன் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். 80 விமானங்களை வீழ்த்தியவர் அவர். சரி, அவருக்கு ஆசான் யார் தெரியுமா? அவர்தான் ஓஸ்வால்ட் போல்க்கே.

போல்க்கே 1891 மே 19-ஆம் நாள் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே மூச்சிரைப்பு நோய். அதற்காக அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. ஓட்டம், நீச்சல், மலையேற்றம் என்று பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டார்.

அந்த நீச்சல் ஓர் உயிரையும் காத்தது. 1915-இல் பிரான்சில் ஒரு கால்வாயில் பிரெஞ்சுச் சிறுவன் ஒருவன் மூழ்கிக்கொண்டிருந்தான். எதிரி நாட்டுப் பிள்ளையாச்சே என்று போல்க்கே யோசிக்கவில்லை. சீருடையோடு குதித்து அவனைக் கரை சேர்த்தார்.

1916-இல் தம் அனுபவத்தையெல்லாம் எட்டு விதிகளாக எழுதினார். சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொள். அருகில் போன பிறகே சுடு. ஒரே எதிரியை இரண்டு பேர் துரத்தாதே. இப்படிப்பட்ட எளிய விதிகள்தாம். அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய விமானப் படைப் பிரிவு ஒன்றுக்குத் தலைவரானார். ரிக்தோபன், எர்வின் போமே போன்றவர்களைத் தாமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்.

பிறகு என்ன நடந்தது பாருங்கள். 1916 அக்டோபர் 28-இல் போல்க்கேயும் போமேயும் ஒரே எதிரியைத் துரத்தினார்கள். வேறொரு விமானம் குறுக்கே பாய்ந்தது. விலகும்போது போமேயின் விமானச் சக்கரம் போல்க்கேயின் மேலிறக்கையில் உரசிவிட்டது. விமானம் விழுந்தது. அன்று அவர் இருக்கை வாரை இறுக்கிக் கட்டவில்லை என்றும் சொல்வார்கள். 40 வெற்றி கண்ட அவருக்கு வயது 25தான்!

எதிரிகளான ஆங்கிலேய விமானிகளே அவருக்காக வானிலிருந்து மலர்வளையம் போட்டார்கள்.

அந்த 40 வெற்றிகளைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. வீழ்ந்தவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே! ஆனால் அவர் எழுதிய விதிகளைப் பிற்காலத்தில் பல நாட்டு விமானிகள் படித்தார்கள். விதியை எழுதியவரே ஒரு நொடி தவறினாலும் அது விட்டுவைக்காது என்பதையும் அவர் முடிவு காட்டுகிறது.

மாணவமணிகளே! பரிசு வாங்கியவர்களும் பாடத்தை மறக்கலாகாது. நன்றாகத் தெரிந்ததையும் நாள்தோறும் கவனமாகச் செய்யுங்கள். கால்வாயில் ஒருவன் மூழ்கினால், அவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்காதீர்கள்.