பாக்டீரியா நீந்துவது புரிய ஏறக்குறைய 300 வருஷம்

1676-ல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியே, மிளகு ஊறிய தண்ணீரில் மிகச் சிறிய உயிர்கள் நீந்துவதைப் பார்த்திருந்தார். அவற்றில் பாக்டீரியாவும் இருந்தது. ஆனால் பாக்டீரியா எப்படி நீந்துகிறது என்பதற்குச் சரியான விடை வந்தது 1973-ல்தான். ஏன் இவ்வளவு தாமதம்னு தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதல் காரணம் கருவி. பாக்டீரியாவின் வால் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்கு மெல்லியது. இன்னொரு காரணம், நாம் குளத்தில் நீந்திப் பழகியவர்கள் என்பது. ஒருமுறை கையை வீசிவிட்டால், நிறுத்தின பிறகும் கொஞ்ச தூரம் போவோம் இல்லையா? பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை.

1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாயம் விட்டுப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் ரெனால்ட்ஸ் எண். பொருளின் உந்துதலும் திரவத்தின் பிசுபிசுப்பும் மோதினால் எது ஜெயிக்கும் என்று அது சொல்லும். நீந்தும் மனிதனுக்கு அந்த எண் லட்சங்களைத் தாண்டும். பாக்டீரியாவுக்கோ லட்சத்தில் சில பங்குதான். அதாவது முழுக்கப் பிசுபிசுப்பின் ராஜ்ஜியம். நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல் 1977-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்: பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும்!

அங்கே துடுப்பு மாதிரி முன்னும் பின்னும் அசைத்தாலும் பயனில்லை. வேகமாகத் தள்ளி மெதுவாக இழுத்தாலும் கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். ஜி.ஐ. டெய்லர் 1960-களில் ஒரு படத்தில் இதைக் கண்ணெதிரே காட்டினார். வாலை இடவலமாக ஆட்டும் பொம்மை தண்ணீரில் ஓடியது, கெட்டிப் பாகில் நகரவே இல்லை. சுருள் வாலைச் சுழற்றிய பொம்மை பாகிலும் முன்னேறியது.

1973-ல் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் பாக்டீரியா தன் வாலை ஆட்டவில்லை, திருகாணி போலச் சுழற்றுகிறது என்று வாதிட்டார்கள். அடுத்த வருஷம் சில்வர்மனும் சைமனும் வாலைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார்கள். உடம்பு சுற்றியது! விவாதம் முடிந்தது.

சக்கரம் மனிதன் கண்டுபிடித்தது, உயிர்களில் கிடையாதுன்னு நானும் நம்பிக்கொண்டிருந்தவன்தான். தண்ணீர் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள் என்ற நம்பிக்கையும் அதோடு போயிற்று.