அம்மா நாய் எங்கே?

போன மாதம் பேரன் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு நாய்க்குட்டி. "தாத்தா, முப்பதாயிரம்தான். வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்களாம்." என் பென்ஷன் எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியாது, பாவம். நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து என் மகளின் குரல் வந்தது. "அப்பா, அம்மா நாய் எங்கேன்னு கேளுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. பின்னால் சொல்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் படித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் புரட்டியவனுக்கு, எந்தக் கணக்கையும் ஆரம்ப நிலுவையிலிருந்து பார்த்தால்தான் நிம்மதி.

ஆரம்பம் லண்டனில். 1860-ஆம் வருஷம். நகரின் வடபகுதியில் கேனன்பரி சதுக்கம் என்று ஓர் இடம். சாரா மேஜர் என்ற அம்மாள் பட்டினியில் குற்றுயிராகக் கிடந்த ஒரு நாயைக் கண்டெடுத்தார். அவருடைய தோழி மேரி டீல்பி அதைப் பிழைக்க வைக்க என்னென்னவோ செய்து பார்த்தார். பிழைக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. இரண்டு பேருமாகத் தெருவில் கிடக்கும் நாய்களைக் கொண்டுவந்து சாரா மேஜர் வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் அறையில் வைத்துக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். அறை போதவில்லை. ஹாலோவே பகுதியில் குதிரை லாயங்களை வாடகைக்குப் பிடித்தார்கள். வைத்த பெயர், 'தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்'.

மேரி டீல்பிக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. கணவரைப் பிரிந்து, பாதிரியாரான தம்பியோடு இருந்தவர். பெரிய சொத்து கிடையாது. பத்திரிகைகள் அவரைச் சும்மா விடவில்லை. 'தி டைம்ஸ்' கேலி செய்து எழுதியது. ஊரில் மனிதக் குழந்தைகளே சோற்றுக்கு அலையும்போது நாய்க்கு வீடா என்பதுதான் வாதம். இந்த வாதத்தை நானும் என் வாழ்நாளில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் குழந்தைகளுக்கும் ஒன்றும் செய்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1862-இல், அந்த இல்லத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த இஸ்லிங்டன் விவசாய மண்டபத்தில் மிகப் பெரிய நாய்க் கண்காட்சி நடந்தது. சாதி நாய்கள், வம்ச வரலாறு, பரிசு, பெரிய மனிதர்கள். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திவந்த வார இதழில், 'இரண்டு நாய்க் கண்காட்சிகள்' என்ற தலைப்பில் பெயர் போடாத ஒரு கட்டுரை வந்தது. டிக்கன்ஸே எழுதியது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அவர் இதழில் எழுதிவந்த வேறொருவர் எழுதியது என்று இப்போதைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யார் எழுதினால் என்ன, அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் மண்டபத்துக்குப் போய்ப் பரிசு நாய்களைப் பார்த்தார். பிறகு ஹாலோவே லாயத்துக்குப் போய், யாருக்கும் வேண்டாத நாய்களைப் பார்த்தார். அதையும் ஒரு கண்காட்சியாகவே வைத்து எழுதினார். கேலிக்கு ஆளான இல்லத்துக்கு அந்தக் கட்டுரை பெரிய கைதூக்கல்.

விலை கொடுத்து வாங்குகிற நாய், எடுத்து வளர்க்கிற நாய் என்ற இரண்டு கணக்குகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே பேட்டையில் திறக்கப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின் முதல் கணக்கு வேகமாக வளர்ந்தது. 1873-இல் கென்னல் கிளப் வந்தது. நாய் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட் என்பவர், 1891-இல் அதே இஸ்லிங்டன் மண்டபத்தில் தன் பெயரில் கண்காட்சி ஆரம்பித்தார். இன்றும் உலகப் பிரசித்தம். மூக்கு இத்தனை சப்பையாக, கால் இத்தனை குட்டையாக இருந்தால்தான் அழகு என்று அச்சடித்து வைத்தார்கள். அச்சடித்த அழகுக்கு விலை வந்தது. விலை வந்ததும் அதை உற்பத்தி செய்ய ஆள் வந்தான்.

மேரி டீல்பி 1865-லேயே புற்றுநோயில் போய்விட்டார். அவர் ஆரம்பித்த இல்லம் 1871-இல் பேட்டர்சீ என்ற இடத்துக்கு மாறியது. 1885-இல் விக்டோரியா மகாராணியே புரவலரானார். இதைப் படித்ததும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். போலீஸார் தெருவில் பிடித்த நாய்களையெல்லாம் அங்கேதான் கொண்டு வந்து தள்ளினார்கள். சில நாட்களில் யாரும் கேட்டு வராவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு முடிவுதான். 1884-இல் வலி தெரியாமல் கொல்வதற்கென்று ஓர் அறையே கட்டினார்கள். காப்பகம் என்றால் அன்று முதல் இன்றுவரை உள்ள கஷ்டம் இதுதான். முன்வாசல் வழியாக வருகிற நாய்களின் எண்ணிக்கை, கூட்டிக்கொண்டு போக வருகிற மனிதர்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் அதிகம்.

நம்மூருக்கு வருவோம். சென்னை மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்ததும் 1860-இல்தான் என்று புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். அந்த வருஷப் பொருத்தத்தைப் பார்த்து எனக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை.

திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர்களுக்கு நாய் வண்டி ஞாபகம் இருக்கும். கம்பி வலை போட்ட வண்டி, சுருக்குக் கயிறோடு இரண்டு மூன்று ஆட்கள். வண்டி வருகிறது என்றால் தெருவே பரபரக்கும். நாங்கள் பொடியன்கள் எங்கள் தெரு நாயான மணியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் அடைத்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிடிபட்டவை போகுமிடத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வார்கள் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அது வதந்தி இல்லை, உண்மை.

1959-இல் மழை வெள்ளத்தில் தி.நகர் தெருவில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் கேப்டன் வி.சுந்தரம். விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. அந்த இரண்டு குட்டிகளிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ். அவர்கள் மகன்தான் நான் சொன்ன சின்னி கிருஷ்ணா. நாயைக் கொல்லாதீர்கள், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று 1964-இலிருந்து சொல்லிவந்தார்கள். மாநகராட்சி காது கொடுத்தது 1996-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்திரண்டு வருஷம். 2001-இல் அதுவே நாடு முழுமைக்கும் விதியானது.

இனி எங்கள் வீட்டுக் கதை.

2003 வாக்கில் ஒரு செல்போன் விளம்பரம் வந்ததே, சின்னப் பையன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே ஓடுமே. பார்த்தவர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்தது. அதுவரை பக் என்றால் என்னவென்று தெரியாத தெருக்களில்கூடப் பக். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. ஒரு வருஷம் நச்சரித்தாள். 2004-இல் எனக்கு ஓர் அரியர்ஸ் தொகை வந்தது. நண்பர் ஒருவர் விலாசம் கொடுக்க, புறநகரில் ஓர் இடத்துக்கு ஸ்கூட்டரில் போனோம்.

பூட்டிய கேட்டின் முன்னால் எங்களை நிற்க வைத்து, ஒரு ஆள் அட்டைப் பெட்டியில் குட்டியைக் கொண்டு வந்தார். எட்டாயிரம் ரூபாய். மகள் குட்டியை வாங்கிக்கொண்டு கேட்டாள், "அங்கிள், அம்மா நாய் எங்கே?" அவர் சிரித்தபடி, "அது ஊருக்குப் போயிருக்கும்மா" என்றார். நானும் சிரித்தேன்.

மீதிச் சில்லறை எடுக்க அவர் உள்ளே போனபோது கேட் சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியாகத் தகரக் கொட்டகை தெரிந்தது. கோழிக்கூண்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டுகள். கீழ்க் கூண்டில் ஒரு பக், கம்பி வலையின் மேலேயே படுத்திருந்தது. முலைகள் தொங்கித் தரையைத் தொட்டன. ஒரு கண் வெள்ளை பூத்திருந்தது. அது தலையைத் தூக்கி என் மகள் கையில் இருந்த குட்டியின் முனகல் வந்த திசையைப் பார்த்தது. அதன் குட்டிதானா என்று எனக்குத் தெரியாது. நான் மகளை மறுபக்கம் திருப்பி நிறுத்தினேன். சில்லறையை எண்ணி வாங்கினேன்.

குட்டி எங்கள் வீட்டில் ஒன்பது நாள் இருந்தது. ஐந்தாம் நாள் வாந்தி. பிறகு ரத்தமாகப் போயிற்று. பார்வோ என்றார் டாக்டர். கூட்டமாக அடைத்து, தடுப்பூசி போடாமல், பால் குடி மறக்குமுன் பிரித்து விற்கிற குட்டிகளுக்குச் சாதாரணமாக வருவதுதான் என்றார். அந்தக் கேட்டின் இடுக்கில் பார்த்ததை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புகாரும் கொடுக்கவில்லை. வங்கியில் ஒரு கையெழுத்து மாறியிருந்தால்கூடச் செக்கைத் திருப்பி அனுப்புகிற ஆள் நான்.

இதே கேள்விக்குச் சட்ட வடிவம் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அன்று ராத்திரி நான் படித்து எழுந்து உட்கார்ந்த விஷயம். லூசி என்று ஒரு நாய். கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்ற சாதி. வேல்ஸ் நாட்டில் ஒரு குட்டிப் பண்ணையில் வருஷக்கணக்காகக் கூண்டிலேயே வைத்து ஈனவைத்துக்கொண்டே இருந்தார்கள். 2013-இல் அதை மீட்டபோது இடுப்பெலும்புகள் இறுகிப்போய், முதுகு வளைந்து, உடம்பில் முடி கொட்டிக் கிடந்தது. மீட்ட பெண்மணி வீட்டில் மூன்று வருஷம் போல் மனிதர் மடியில் வாழ்ந்துவிட்டு 2016 டிசம்பரில் இறந்தது. மார்க் ஆபிரகாம் என்ற கால்நடை மருத்துவர் அதன் பெயரில் ஓர் இயக்கம் நடத்தினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2020 ஏப்ரல் 6-ஆம் தேதி இங்கிலாந்தில் 'லூசி சட்டம்' அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைக் கடையோ தரகரோ விற்கக் கூடாது. வாங்குபவர் வளர்ப்பவரிடமே நேரில் போய், பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துத்தான் குட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பதினொரு வயதுப் பெண் ஒரு கேட்டின் முன்னால் நின்று கேட்டதைத்தான் அவர்கள் பார்லிமெண்டில் சட்டமாக்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 2017-இல் விதிகள் வந்தன. நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதத்துக்கு முன் பெட்டையை ஈனவைக்கக் கூடாது, வருஷத்துக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பேரனின் செல்போனில் இருந்த விளம்பரத்தில் பதிவு எண் எதுவும் இல்லை. அந்த நம்பருக்குப் போன் செய்து மகள் சொன்னதைக் கேட்டேன். "சார், டெலிவரி வேணுமா வேண்டாமா?" என்றார்கள். வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது மகளிடம் அந்தக் கேட் இடுக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்ப்பா. நீங்க திருப்பறதுக்கு முன்னாடியே நானும் பார்த்துட்டேன்" என்றாள். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவருமாக ஒரு காப்பகத்துக்குப் போனோம். அங்கே இருந்த இளம் பெண் என்னைக் கேட்ட கேள்விகள், நான் வீட்டுக் கடன் கேட்டு வந்தவர்களைக் கேட்டதைவிட அதிகம். சொந்த வீடா? மொட்டை மாடிக்குக் கதவு உண்டா? பகலில் யார் இருப்பார்கள்? வெளியூர் போனால்? எனக்கு எழுபது தாண்டிவிட்டது என்றதும், "உங்களுக்குப் பின்னால யார் பார்த்துப்பாங்க சார்?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். மகள் கையெழுத்துப் போட்டாள். வீட்டையும் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேரன் குட்டிதான் வேண்டும் என்று நின்றான். குட்டிகளுக்கு எப்படியும் ஆள் வந்துவிடும், பெரிய நாய்களுக்குத்தான் வருவதில்லை என்று அந்தப் பெண் அவனுக்குச் சொன்னாள். கடைசிக் கூண்டில் பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய். ஐந்து வயதிருக்கும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனி வெட்டியிருந்தது. பல தடவை ஈன்றது என்பது வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது. பேரன் கம்பிக்குள் விரலை விட்டான். அது நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது. "தாத்தா, இது அம்மா நாயா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

இதை எழுதும்போது அது என் நாற்காலிக்கடியில் படுத்திருக்கிறது. வந்து பதினேழு நாளாகிறது. இன்னும் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறது.